வாத்தை வாளியில் விட்டுவிடாதீர்கள்

குளியல் பொம்மைகளை எப்படி அடுக்கி வைப்பது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, அவற்றைக் குளியலறையை விட்டு வெளியே கொண்டுவந்துவிடுங்கள் என்பதுதான். கூடை வாங்குவதா, வலைப்பை வாங்குவதா, சுவரில் ஒட்டும் தட்டு வாங்குவதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். நம் வீட்டுக் குளியலறையில் வைத்த எதுவும் லேசில் காய்வதில்லை. காயாத பொம்மையை எவ்வளவு அழகாக அடுக்கினாலும் சில நாளில் பிசுபிசுக்கும், கொஞ்ச நாள் போனால் நாறும், அப்புறம் கருக்கும்.

கடையில் விற்கும் பொம்மைத் தாங்கிகள் பெரும்பாலும் குளியல் தொட்டி உள்ள வீடுகளை மனத்தில் வைத்துச் செய்தவை. அங்கே தண்ணீர் தொட்டிக்குள் மட்டும் நிற்கும். தரையும் சுவரும் காய்ந்திருக்கும். நம்முடையது வாளியும் மக்கும். ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் இடுப்பு உயரம் வரை சுவர் நனைந்துவிடும். அந்த ஈரம் போவதற்குள் வீட்டில் அடுத்தவர் குளிக்கப் போவார். கீசரைப் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டால் ஆவி வேறு. மத்தியானம் துணி ஊறும். பல அடுக்குமாடி வீடுகளில் காற்றுப் போக இருப்பது உயரத்தில் ஒரு சின்ன வென்டிலேட்டர்தான். அதிலும் பாதியை எக்ஸாஸ்ட் ஃபேன் அடைத்திருக்கும். ஈரமான பரப்பில் பூசணம் பிடிக்க ஒன்றிரண்டு நாளே போதும். அந்த அறை முழுசாகக் காயாமலே வாரங்கள் போவதுண்டு.

இன்னொன்று. நம் வீடுகளில் பெரும்பாலும் குளிக்கும் இடமும் கழிப்பறையும் ஒரே அறை. மூடியைத் திறந்து வைத்து ஃப்ளஷ் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் மேலெழும்பிப் பக்கத்தில் இருக்கும் சாமான்கள்மேல் படியும். ஃப்ளஷ் டேங்கின் மேல் வரிசையாக மீன், ஆமை, படகு என்று அடுக்கி வைத்திருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பிள்ளை வாயில் வைத்துக் கடிக்கும் பொம்மைக்கு அந்த இடம் ஆகவே ஆகாது.

பொம்மையை வெளியே எடுப்பதற்கு இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத ஊர்களில் வாளியும் டிரம்மும் நிரம்பியே இருக்கும். குளிப்பாட்டிய அவசரத்தில் பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். வாளியில் கால்வாசித் தண்ணீர். அதன்மேல் மஞ்சள் வாத்து மிதந்துகொண்டிருக்கும். தவழ்கிற பிள்ளையோ, பிடித்து நிற்கப் பழகிய பிள்ளையோ அதை எடுக்கத்தான் போகும். அந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். எட்டிக் குனியும்போது தலை உள்ளே போய்விட்டால் கையை ஊன்றித் திரும்ப எழ அதற்குத் தெம்பு போதாது. கனமான வாளி கவிழ்ந்தும் கொடுக்காது. ஐந்து சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரே ஒரு கைக்குழந்தை மூழ்கப் போதுமானது. சத்தமும் வராது. அதனால் குளியல் முடிந்த கையோடு பொம்மைகளை எடுத்துவிடுங்கள், வாளியைக் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள், கதவை வெளியே தாழ்ப்பாள் போடுங்கள். தண்ணீர் பிடித்து வைத்தே ஆக வேண்டிய வீடு என்றால் மூடி போட்ட டிரம்மில் பிடித்து வையுங்கள். பிள்ளையின் கண்ணில் படும்படி பொம்மை அந்த அறைக்குள் இருக்கும்வரை, அந்த அறைக்குள் போக அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

துளை இருக்கிற பொம்மை

அமுக்கினால் கீச்சென்று கத்துகிற, தண்ணீர் பீச்சுகிற பொம்மைகளின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். தண்ணீர் உள்ளே போவது சுலபம், முழுசாக வெளியே வருவது கஷ்டம். எவ்வளவு அமுக்கினாலும் ஒரு மடக்கு உள்ளே தங்கிவிடும். காற்றோ வெயிலோ அங்கே போகாது. நம் கை வெளிப்புறத்தைத்தான் தேய்க்கும்.

வீட்டில் பழைய வாத்து ஒன்று இருந்தால் கத்தரிக்கோலால் வயிற்றோடு வெட்டிப் பாருங்கள். வெளியே பளிச்சென்று மஞ்சளாக இருந்த அதே வாத்தின் உட்புறம் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்கும். அலகு, வால் நுனி மாதிரி ஒடுங்கிய இடங்களில் கறுப்புத் திட்டுகள் தடித்துக் கிடக்கும். நகத்தால் சுரண்டினால் பாலாடை போல உரிந்துகொண்டு வரும். வெட்ட மனசு வராவிட்டால், வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே இழுக்கவிட்டு நன்றாகக் குலுக்கி, வெள்ளைத் துணிமேல் பீச்சிப் பாருங்கள். கறுப்புத் துகளோ, சாம்பல் நிறக் கசடோ விழுந்தால் அந்தப் பொம்மையின் காலம் முடிந்துவிட்டது.

இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஈவாக் நீரியல் ஆய்வு நிறுவனமும், சூரிச்சின் இ.டி.எச். தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும், அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு 2018இல் வெளியானது. வீடுகளில் குழந்தைகள் பயன்படுத்திய பொம்மைகளை வாங்கி வெட்டிப் பார்த்தார்கள். புதுப் பொம்மைகளைப் பதினொரு வாரம் குளியல் தண்ணீரில் நனைத்தும் பார்த்தார்கள். உட்புறத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 லட்சம் முதல் ஏழரைக் கோடி வரை நுண்ணுயிர்கள் இருந்தன. வீடுகளிலிருந்து வந்தவற்றில் சுமார் 60 சதவீதத்தில் பூஞ்சை இருந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொம்மைகளில் 80 சதவீதத்தில் நோய் உண்டாக்கக்கூடிய பாக்டீரியா வகைகள் தென்பட்டன. இவ்வளவு கூட்டம் வளர எங்கிருந்து சாப்பாடு கிடைத்தது என்பதற்கும் அவர்கள் விடை சொன்னார்கள். மட்டமான மென்பிளாஸ்டிக்கிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பன் கரைந்து வருகிறது. மிச்சத்தைச் சோப்பும் உடம்பு அழுக்கும் கொடுக்கின்றன.

இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டியதில்லை. நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் கசடுத் தண்ணீர் கண்ணிலும் காதிலும் வாயிலும் பீச்சப்படும்போது கண் சிவப்பதற்கும் காதில் சீழ் பிடிப்பதற்கும் வயிற்றுப்போக்குக்கும் வழி இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை, ஆறாத புண் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் துளையுள்ள பொம்மையே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

துளை இல்லாத பொம்மை எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்குக் கடலே சாட்சி சொல்லியிருக்கிறது. 1992 ஜனவரி 10ஆம் தேதி பசிபிக் பெருங்கடலில் புயலில் சிக்கிய சரக்குக் கப்பல் ஒன்றிலிருந்து 28,800 குளியல் பொம்மைகள் கடலில் விழுந்தன. மஞ்சள் வாத்து, சிவப்பு பீவர், நீல ஆமை, பச்சைத் தவளை. அவை துளையில்லாமல் செய்யப்பட்டவை. அதனால் தண்ணீர் உள்ளே போகாமல் வருடக்கணக்கில் மிதந்தன. கடல் நீரோட்டங்களை ஆராய்பவர்களுக்கு அவை வழிகாட்டியும் ஆயின. உங்கள் வாளிக்கும் அந்த மாதிரிப் பொம்மைதான் வேண்டும்.

குளியல் முடிந்ததும்

நம் குளியல் வெறும் சோப்புக் குளியல் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற நாளில் பிள்ளையின் கையில் இருக்கும் எண்ணெய் பொம்மைக்கும் ஏறும். பயத்தமாவும் கடலைமாவும் ஆமையின் ஓட்டுக் கோடுகளில், மீனின் செதில் இடுக்குகளில் போய் உட்காரும். எண்ணெயும் மாவும் ஈரமும் சேர்ந்தால் பூசணத்துக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. ஆகவே எண்ணெய்க் குளியல் நாளில் பொம்மைகளைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டுக் கழுவியே ஆக வேண்டும். இல்லாவிட்டால், அன்று பொம்மை கொடுக்காமல் ஒரு ஸ்டீல் டம்ளரைக் கொடுத்துவிடுங்கள். மற்ற நாட்களில் குழாயைத் திறந்து நல்ல தண்ணீரில் அலசினால் போதும். வாளியில் மிஞ்சிய சோப்புத் தண்ணீரிலேயே முக்கி எடுப்பது அலசியதாகக் கணக்கில்லை.

அலசியபின் உதறுங்கள். துளை இருந்தால் அதைக் கீழே பார்க்கப் பிடித்து, தண்ணீர் நின்று காற்று மட்டும் வரும்வரை அமுக்குங்கள். பிறகு கையை வீசி நாலு உதறு உதறி, மறுபடி அமுக்குங்கள். இரண்டாவது தடவை வருகிற தண்ணீரைப் பார்த்தால் முதல் தடவை எவ்வளவு உள்ளே நின்றது என்பது தெரியும். பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு துடைத்து, துளை கீழே இருக்கும்படி கூடையில் போடுங்கள். கிண்ணம், கப், படகு மாதிரித் தண்ணீர் தேங்கும் சாமானைக் கவிழ்த்தே வைக்க வேண்டும்.

இரண்டு வயது தாண்டிய பிள்ளை இதில் நன்றாகவே சேர்ந்துகொள்ளும். “வாத்துக்குத் தலை துவட்டிவிடு தங்கம், சளி பிடிச்சுக்கும்” என்று ஒரு சின்னத் துண்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றாகத் துவட்டிக் கூடையில் வைக்கும். குளியலை விட்டு வர மாட்டேன் என்று அழுகிற பிள்ளைக்கும் இது நல்ல வழி. குளியல் முடிந்து அடுத்த வேலை தொடங்கிவிட்டது என்பது அதற்குப் புரிந்துவிடும்.

எதில் வைப்பது

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பாத்திரம் கவிழ்க்கும் கூடைதான் இதற்கு ஏற்ற சாமான். பழையது ஒன்று ஒதுங்கிக் கிடந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அடியும் பக்கமும் கம்பியாகவோ துளையாகவோ இருப்பதால் காற்று எல்லாப் பக்கமும் போகும். அடியில் சின்னக் கால்கள் இருந்தால் இன்னும் நல்லது. கால் இல்லாவிட்டால் ஒரு தட்டின் மேல் இரண்டு மரக்கட்டைகளை வைத்து அதன்மேல் கூடையை வையுங்கள். தட்டில் சொட்டும் தண்ணீரை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். காய்கறி வைக்கும் பிளாஸ்டிக் கூடையும், அரிசி களையும் வடிகூடையும்கூடச் சரிதான். அடி மூடிய டப்பா, பழைய பக்கெட், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை இவை மூன்றும் கூடாது. பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். உள்ளே ஈரம் புழுங்கும்.

கூடையை வைக்கும் இடம் காற்று வரும் ஜன்னல் ஓரமாகவோ பால்கனியாகவோ இருக்கட்டும். காலை வெயில் பட்டால் நல்லதுதான். ஆனால் உச்சி வெயிலில் நாள் முழுதும் கிடந்தால் மென்பிளாஸ்டிக் வெளுத்து, விறைத்து, வெடிப்பு விடும். அந்த வெடிப்பிலும் அழுக்கு தங்கும்.

இடம் இல்லாத வீட்டுக்கு வலைப்பை உதவும். வாஷிங் மெஷினில் உள்ளாடை போடும் வலைப்பை ஒன்று போதும். துணி காயப்போடும் கொடியில் இரண்டு கிளிப் போட்டு மாட்டிவிடலாம். வெங்காயம் வருகிற வலைச் சாக்கு வேண்டாம். நூல் பிரிந்து பிள்ளையின் விரலில் சுற்றிக்கொள்ளும். பையில் பாதிக்கு மேல் அடைக்காதீர்கள். நெருக்கி அடைத்தால் ஓரத்தில் இருப்பவை காயும், நடுவில் இருப்பவை ஈரமாகவே கிடக்கும். வலைப்பை வாங்கியும் நாற்றம் போகவில்லை என்று குறைப்படும் வீடுகளில் காரணம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். பையின் கயிறு நீளமாகத் தொங்கினால் வெட்டிவிடுங்கள் அல்லது மேலே முடிந்துவிடுங்கள். பிள்ளையின் கழுத்து உயரத்தில் எந்தக் கயிறும் தொங்கக் கூடாது.

வேறு வழியே இல்லை, குளியலறைக்குள்தான் மாட்ட வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கழிப்பறைக்கு எதிர்ப்பக்கச் சுவரில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில், வென்டிலேட்டருக்குப் பக்கமாக மாட்டுங்கள். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கொக்கிகள் வழவழப்பான டைல்ஸில்தான் நிற்கும். சொரசொரப்பான டைல்ஸிலும், இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டின் மேலும் காற்று புகுந்து விழுந்துவிடும். போர் தண்ணீர் வீடுகளில் சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருக்கும். முதலில் எலுமிச்சைத் தோலால் அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கொக்கியை வெந்நீரில் நனைத்து, துடைத்து, அழுத்துங்கள். அப்போதும் நிற்காவிட்டால் ஸ்க்ரூ போட்ட கொக்கிதான். மின்சார வயரோ கீசர் குழாயோ போகும் இடத்தில் துளை போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாத்ரூம் சுவரில் ஒட்டி விளையாடும் ஃபோம் எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இடையில் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். தட்டு நிறுத்தும் கம்பித் தாங்கியில் ஒவ்வொன்றாக நிறுத்தி வையுங்கள். பல் பதிந்து பிய்ந்த எழுத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டும், துண்டு தொண்டையில் அடைக்கும். சாவி கொடுத்தால் நீந்தும் பொம்மைகளுக்குள் இரும்புச் சுருள் இருக்கும். எவ்வளவு கவனித்தாலும் துருப்பிடிக்கும். துருத் தண்ணீர் கசிய ஆரம்பித்தால் அதோடு அதற்கு விடை கொடுத்துவிடுங்கள்.

இருக்கிற யோசனைகளிலேயே அதிகப் பலன் தருவது, செலவே இல்லாத ஒன்று. பொம்மைகளை இரண்டு பங்காகப் பிரியுங்கள். இன்று ஒரு பங்கு, நாளை இன்னொரு பங்கு. ஒன்று விளையாடும் நாளில் மற்றது காயும். ஒவ்வொரு பொம்மைக்கும் முழுசாக ஒரு நாளுக்கு மேல் காய அவகாசம் கிடைக்கிறது. பிள்ளைக்கும் அலுப்புத் தட்டாது. ஒரு குளியலுக்கு நாலு பொம்மை தாராளம். இருபது பொம்மைகளை வாளிக்குள் கொட்டினால் பிள்ளை விளையாடுவது இரண்டோடுதான். நனைந்த மிச்சத்தைக் கழுவுவது, காயவைப்பது எல்லாம் உங்கள் பாடு.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஏற்பாடெல்லாம் தடுமாறும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே அவ்வளவு ஈரம் இருக்கும்போது பால்கனிக் கூடை காயாது. துணிகளையே வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் போடுகிற நாட்களில் பொம்மைகளையும் அங்கேயே போட வேண்டியதுதான். ஹாலில் ஒரு பழைய துண்டை விரித்து, இடைவெளி விட்டுப் பரப்பி, ராத்திரி முழுதும் ஃபேன் காற்றில் விடுங்கள். இந்த இரண்டு மாதமும் துளையுள்ள பொம்மை எதையும் தண்ணீருக்குள் இறக்காதீர்கள். அது உள்ளே காயவே காயாது.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். பால்கனி மூலையில் மல்லாந்து கிடக்கும் ஒரு விளையாட்டுக் கிண்ணம், மொட்டை மாடியில் மறந்துபோன ஒரு பிளாஸ்டிக் படகு, அதில் தேங்கிய இரண்டு ஸ்பூன் மழைத் தண்ணீர் போதும். முட்டை பொரிந்து, புழுவாகி, கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் ஆகாது. முட்டைகள் கிண்ணத்தின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரமில்லாமலே மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். நார் போட்டு உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வையுங்கள். வாரம் ஒருமுறை பூந்தொட்டித் தட்டுகளைப் பார்க்கும்போது பொம்மைகளையும் ஒரு பார்வை பாருங்கள்.

வாராந்தரக் கழுவல்

வாரம் ஒருமுறை எல்லாப் பொம்மைகளையும் ஒரு டப்பில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திர சோப்பும் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் இடுக்குகளைத் தேய்த்து, அலசிக் காயவையுங்கள். இதுவே போதும்.

வெள்ளையாக உப்புக்கறை பிடித்திருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேயுங்கள். வினிகரில் இருக்கும் அமிலம் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். உப்புச் சொரசொரப்பு போனால் அழுக்கு பிடித்துக்கொள்ளவும் இடம் இருக்காது. துளைக்குள் வளர்ந்துவிட்ட பூசணத்தை வினிகர் தீர்த்துவிடும் என்று நம்பாதீர்கள். கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான், வேரோடு போகாது.

பிளீச்சை நான் எப்போதாவதுதான் சிபாரிசு செய்வேன். வீட்டில் வயிற்றுப்போக்கு வந்துபோனபின், துளையில்லாத கெட்டிப் பொம்மைகளுக்கு மட்டும், புட்டியில் போட்டிருக்கும் அளவுப்படி தண்ணீரில் கலந்து, முக்கி எடுத்து, நிறையத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். பிளீச்சோடு வினிகரையோ, கழிப்பறை கழுவும் ஆசிட்டையோ கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஆசிட் ஊற்றிக் கழிப்பறை கழுவிய அதே நேரத்தில் பக்கத்தில் பொம்மைக்குப் பிளீச் கலப்பதும் கூடாது.

கொதிக்கும் தண்ணீரை மென்பிளாஸ்டிக் பொம்மைமேல் ஊற்றாதீர்கள். உருவம் கோணிப்போகும், ஒட்டிய இடம் விட்டுப்போகும். சிலிகானும் ஸ்டீலும் தாங்கும். அவற்றை வேண்டுமானால் பால் புட்டி கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் போட்டு எடுக்கலாம்.

வாங்கும்போது

கடையில் பொம்மையைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். துளை இருக்கிறதா? இருந்தால் வைத்துவிடுங்கள். கீச்சுச் சத்தத்துக்காகப் பிள்ளை அடம்பிடித்தால் அதை வாங்கி, ஹாலில் விளையாடக் கொடுங்கள்; தண்ணீருக்குக் காட்டாதீர்கள். துளையைப் பசை போட்டு அடைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ள வீட்டில் நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பசை உருண்டை ஒருநாள் பெயர்ந்து வாய்க்குள் போகும். அடைப்பு லேசாக விட்டுப்போனால், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வரவே வராது.

இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. தெருவோரத்தில் பை நிறையக் குவித்து விற்கும் முத்திரையில்லாத பிளாஸ்டிக்குக்கு இல்லை. வாயில் வைக்கிற சாமான் என்பதால் இதில் பத்து ரூபாய் மிச்சம் பார்க்க வேண்டாம். வெளிச்சம் போடுகிற மிதவைப் பொம்மைகளில் பட்டன் பேட்டரி இருக்கும். அதன் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இல்லாவிட்டால் வாங்காதீர்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்க ஆரம்பித்துவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

என்னைக் கேட்டால், தண்ணீர் விளையாட்டுக்கு நம் சமையலறையை மிஞ்சிய கடை கிடையாது. ஒரு ஸ்டீல் டம்ளர், சின்னச் சொம்பு, பிளாஸ்டிக் புனல், டீ வடிகட்டி இவை போதும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்றுவதிலும், வடிகட்டி வழியாகத் தண்ணீர் ஒழுகுவதைப் பார்ப்பதிலும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இருக்கும் ஈடுபாடு எந்த வாத்திடமும் இருக்காது. கழுவிக் கவிழ்த்தால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். விளிம்பு கூராக இல்லாததாகப் பார்த்துக் கொடுங்கள். கொட்டாங்குச்சியும் மரச்சொப்பும் தண்ணீருக்கு வேண்டாம். அவை ஈரத்தைக் குடித்துக்கொண்டு உள்ளுக்குள் பூசணம் பிடிக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் குடும்பங்களில் பெரிய பிள்ளையின் சாமான் தம்பிக்கும், சித்தி மகளுக்கும், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் கைமாறிப் போவது வழக்கம். நல்ல வழக்கம், அது நீடிக்கட்டும். தொட்டில், நடைவண்டி, சட்டை எல்லாவற்றையும் துவைத்துத் துடைத்துக் கொடுங்கள். துளையுள்ள குளியல் பொம்மையை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். வெளியே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அந்தப் பிள்ளைக்கு ஒரு சின்ன ஸ்டீல் சொம்பு வாங்கிக் கொடுங்கள்.